மதுரை ஆஸ்பத்திரிப் போன்

— கார் சாவிய அங்கன தரையில வையிலே வேலுச்சாமி. என் கையில குடுக்காத.

— ஏம்மா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?

— மதுரை ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டு நம்பருக்குப் போன் போட்டாரு. வேலுச்சாமி இருக்காரான்னாரு. அவன் எங்க டிரைவருதான், நான் முதலாளி சம்சாரம் பொன்னுத்தங்கம், எங்கிட்டயே சொல்லுங்கன்னேன்.

— ஐயோ... என்னம்மா சொன்னாக?

— உங்குடல்ல கிருமியாம்லே! குழாய விட்டுத் துளி சதையக் கிள்ளிப் பாத்தாகளாம்ல? அம்புட்டும் கிருமியாம். லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராதாம். விப்பிளோ என்னமோ ஒரு பேரு. த்தூ! கண்ட சாக்கடையிலயும் கைய வச்சுட்டு அப்படியே தின்னா வேற என்ன வரும்?

— குணமாகுமாம்மா?

— உடனே வந்து படுத்து ஊசி போட்டு, வருசம் பூரா மாத்திரை தின்னா ஆகுமாம். விட்டா மூளைக்கு ஏறிருமாம். உனக்கு அது இருந்தாத்தானே ஏறும்!

— எப்ப வரணும்னாக?

— அவன் வரமாட்டான், இங்கன வேலையிலயும் இல்ல, இனிமே கூப்பிடாதீகன்னு வச்சுட்டேன். உன் தம்ளரையும் குப்பையில போட்டாச்சு.

— அம்மா, இந்த வேலைய நம்பித்தான் எங்க வீட்டுல உலை கொதிக்குது.

— கொதிக்கட்டும், வேற எங்கயாச்சும் போயி. எம்மக ஹர்ஷினியப் பொண்ணு கேட்டு விருதுநகர்க்காரக வர்ற நேரம். பொண்ணு வீட்டப் பத்தி மொதல்ல டிரைவரத்தான் விசாரிப்பாக. சீக்குப் பிடிச்சவனையா முன்னால நிறுத்தச் சொல்லுத? ஏற்கெனவே முதலாளி சுகர்ல வத்தலாக் கெடக்காக. முட்டி வலி, வயித்துப் போக்கு, வேட்டி இடுப்புல நிக்கல. உங்கூடக் கார்ல உக்காந்து, உன் கிருமியும் ஒட்டுனா அம்புட்டுத்தான். உன்னப் பாரு, கடா மாதிரி இருக்க. அழுக்கெல்லாம் உள்ள!

— முதலாளி எங்கம்மா?

— ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில. சீசன் நேரத்துல அவுககிட்டப் போயி மூக்கச் சிந்தாத.

— சிந்தல. நீங்க அந்த டாக்டருக்குத் திருப்பிப் போன் போடுங்க. இப்பவே.

— உனக்காகவா? வெக்கமா இல்ல?

— விருதுநகர்க்காரக காதுக்குப் போயிரும், அம்மாகிட்டக்கூட மூச்சு விடாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டு, எம்பேரச் சொல்லி ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்தது நம்ம முதலாளிதாம்மா. பேரு மட்டுந்தான் என்னுது. குடலு அவுகளுது.