பாலுக்குக் காய்ச்சல்

போடி மேல்மலையில் ஒரு ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் மருந்துக்கு நின்றிருந்தேன். நோயாளிகளுக்குப் பால் கொண்டுவந்த பெண்ணிடம் கம்பவுண்டர் எரிந்து விழுந்தார். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமையிலிருந்து தருவித்த கண்ணாடிக் குழாய், கோட்டைத் தாண்டிப் பாலுக்குள் ஆழமாக முங்கிக் கிடந்தது.

"தண்ணி கலந்திருக்க ஆத்தா."

"பாலுக்குக் காய்ச்சல் அய்யா. எறங்கட்டும், பெறகு பாருங்க."

"என்னது?"

"இப்பக் கறந்த சூடு. சூட்டுல குழாய் முங்கத்தான் செய்யும். ஓடையில வச்சு ஆத்துங்க."

ஓடை நீரில் செம்பை வைத்து ஆறவிட்டார்கள். குழாய் மேலேறி, நல்ல பாலுக்கான கோட்டில் நின்றது.

கம்பவுண்டர் குழாயை எடுத்துத் துடைத்தார்.

"நேத்து மூணு பேரு பாலைக் கீழ ஊத்தினேனே?"

"அதுவும் சூடுதான் அய்யா."

"அவுகள நாளைக்கு வரச்சொல்லு. இனி ஆறவச்சுத்தான் பாப்பேன்."

"நாளைக்கு எதுக்கு? பாலோட வாசல்லதான் நிக்கிறாக."