முன்பக்க ஜிப்பு

தையல் அக்கா: அசையாம இரு சிட்டு... ஒரே நிமிஷம்...

அம்மா: அசையாதன்னு சொன்னாத்தான் இவன் கை இன்னும் முறுக்கிக்கும் அக்கா. பேச்சுக் கொடுத்துக்கிட்டே அளவெடுங்க.

தையல் அக்கா: அதுவும் சரிதான். என்ன தம்பி, புது இறுக்கச் சட்டை என்ன கலர்ல வேணும்?

சிட்டு: ப... பச்ச.

தையல் அக்கா: போட்டிருக்கிறதும் பச்சை, வரப்போறதும் பச்சையா! கை நல்லா வளர்ந்திருக்கு... சரி, மேல் சட்டையைக் கழட்டுங்கம்மா. நெஞ்சளவு எடுக்கணும்.

அம்மா: சட்டைக்கு மேலயே எடுத்துக்கலாமே...

தையல் அக்கா: ஒரு விரல் கூடினாலும் பிடிமானம் போயிடும்மா. கழட்டுங்க... அட! ஜிப்பை நான் முதுகுலதானே வச்சேன்?

அம்மா: அது... பிஞ்சுபோச்சு அக்கா. தெருமுனைத் தையல்காரர்கிட்ட...

தையல் அக்கா: பிஞ்ச ஜிப்பு முதுகுலேர்ந்து நடந்து நெஞ்சுக்கு வந்துடுச்சாக்கும்?

சிட்டு: ந... நடந்து! ஹிஹி...

அம்மா: நீ வேற... சும்மா இருடா.

தையல் அக்கா: தோளை இழுத்துப் பிடிக்கிற பட்டி இம்மி நகரலையே. தெருமுனையில அவ்வளவு கைகாரர் யாரும்மா?

சிட்டு: அப்... அப்பா!

அம்மா: போச்சு! ஆமா அக்கா... அவருதான். பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறவரு இல்லையா...

தையல் அக்கா: கத்திரிக்கோலே படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

அம்மா: சொன்னீங்க. இதைப் போட்டாத்தான் நிமிர்ந்து உட்கார்றான், கையும் கொஞ்சம் அடங்குது. ஆனா கழுத்துலேர்ந்து தொடை வரைக்கும் ஒரே உடுப்பு, அதுக்கு முதுகுல ஜிப்புன்னா... ஸ்கூல்ல பாத்ரூம் போகணும்னா ஒரு ஆள் வரணும். ஒரு நாள் ஆள் வர்றதுக்குள்ள... வகுப்புலயே...

தையல் அக்கா: ஐயோ.

அம்மா: பசங்க சிரிச்சுட்டாங்க. பத்து நாள் ஸ்கூல் பக்கமே போகலை. இந்தச் சட்டையைக் கண்டாலே அழுகை.

தையல் அக்கா: இப்போ?

அம்மா: ஜிப்புல ஒரு வளையம் மாட்டிக் கொடுத்தாரு. டேய், அக்காவுக்குக் காட்டு.

சிட்டு: பா... பாருங்க...

தையல் அக்கா: விரல் நழுவுது... இரு, நான் வேணா...

அம்மா: தொடாதீங்க அக்கா! விடுங்க... அவனே...

சிட்டு: ம்ம்ம்... இ... இருங்க... வந்துடுச்சு!

தையல் அக்கா: அடேயப்பா! இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பு!

சிட்டு: நா... நானே போவேன். யாரும்... வே... வேணாம்.

தையல் அக்கா: கேட்டுக்கிட்டேன் ராஜா. ஏம்மா, இதைப் போயா மறைச்சீங்க?

அம்மா: தெரிஞ்சா அடுத்த சட்டை தர மாட்டீங்களோன்னு பயம் அக்கா. அவரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியமே வாங்கிட்டேன்...

தையல் அக்கா: ஓ, அதான் போன வாரம் இங்க வந்து எல்லாத்தையும் கொட்டிட்டு, 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சினாரா! நானும் இவ்வளவு நேரம் தெரியாத மாதிரியே கேட்டுக்கிட்டிருந்தேன். புதுச் சட்டைக்கு முன்பக்கம் ஜிப்பு எப்படி வைக்கணும்னு என் மெஷின்லயே உட்கார்ந்து தைச்சுக் காட்டிட்டுத்தான் போனாரும்மா, உங்க வீட்டுக்காரரு!