சம்மதமான்னு ஒரு வார்த்தை

இந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோயில்லதான்னாங்க, பொண்ணு வீட்டுக்காரங்க ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும்னாங்க. ஒரு மாசம் சண்டை! கடைசியில ரெண்டு இடத்துலயும் முடிச்சுட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கோம். இதுக்கு ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன்... கேட்டுட்டுச் சாப்பிடப் போங்க.

சங்கரன்கோவில்ல ஆவுடையப்பன்னு ஒருத்தர். சம்சாரம் செண்பகவல்லி. கோமதியம்மன் சன்னதியில தாலி கட்டி, பேரன் பேத்தி எடுத்தாச்சு. கனடாவுல இருக்க மகளைப் பார்க்கப் போகணும், விசா வேணும்னா கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டு வாங்கன்னுட்டாங்க. மனுஷனுக்கு வந்துச்சு பாருங்க கோபம்!

"அம்மனே சாட்சி! அதுக்கு மேல கவர்மெண்டு சாட்சி என்னத்துக்கு?"

முணுமுணுத்துக்கிட்டே சம்சாரத்தோட ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனாரு. அங்க ஆபீசர் ஒரு பொண்ணு. "அம்மா, உங்களுக்குச் சம்மதந்தானே?"ன்னு கேட்டாங்க.

செண்பகவல்லி... அந்தப் பொண்ணு முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

ஆவுடையப்பனுக்கு வேர்த்துப்போச்சு. "ஏட்டி... சொல்லேன்! என்ன யோசனை?"

"செத்த சும்மா இருங்க." ஆபீசர் பக்கம் திரும்புச்சு அந்தம்மா. "தாயி, எங்க கல்யாணத்துல ஐயர் தேங்காய் எங்கன்னு கேட்டாரு. சமையக்காரரு உப்பு எங்கன்னு கேட்டாரு. எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. தாலி கட்டுறப்போ கெட்டிமேளம் வேற! நான் வேண்டாம்னாலும் யாரு காதுல விழும்? இன்னைக்குத்தான் ஒரு ஆளு கேட்டிருக்கீங்க. இன்னொரு தடவ கேளுங்க தாயி, ஆசையா இருக்கு."

ஆபீசர் சிரிச்சுட்டாங்க. "நான் எதுக்கும்மா? ஐயா கேக்கட்டும்."

ஆவுடையப்பன் எந்திரிச்சாரு. தோள்த்துண்டை எடுத்தாரு, திரும்பப் போட்டாரு. அதட்டியே பழகுன குரலைத் தாழ்த்திக் கேட்டாரு.

"செண்பகம்... எங்கூட இருக்க... உனக்குச் சம்மதமா, ஏட்டி?"

அந்தம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சம்மதந்தான். இதைக் கேக்க ஒரு ஆயுசா ஆகும் உங்களுக்கு?"ன்னுச்சு.

என்ன அம்மாமாரே, சிரிக்கிறீங்க? கண்ணு ஏன் கலங்குது? உங்கள்ல எத்தனை பேரைக் கேட்டாங்க?

கோயிலும் வேணும், ஐயாமாரே. நம்மளைவிடப் பெரிசு ஒண்ணு பார்த்துக்கிட்டிருக்குன்னு பயம் வேணும்ல? ஆனா சாமி பேரைச் சொல்லி, பக்கத்துல உக்காந்திருக்க மனுஷியைக் கேக்காம விட்டோமே... அதைச் சட்டம் வந்து கேக்குது. கேக்கட்டுமே! அதுல எந்தச் சாமிக்குக் கோபம்?

மாப்பிள்ளைத் தம்பி, எந்திரிங்க. ரெண்டு இடத்துலயும் எல்லாம் முடிஞ்சிருச்சு, தெரியும். இந்தாங்க மைக்கு... பொண்ணு முகத்தைப் பார்த்து, நீங்களே ஒரு தடவ கேளுங்க. நாங்க காத்திருக்கோம்.