குல்லாவின் புண்

அது நல்ல நரம்பு, டாக்டர். எங்கள் கடையில் விற்பதுதான். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு, நனைந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. என் தங்கையின் உள்ளங்கையிலிருந்து இடுக்கியால் அதை உருவி இந்த எனாமல் தட்டில் போட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். புதுக்கட்டுப் போட்டு அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் நிறுத்தி வைத்து, "யாரும்மா கட்டு மாத்துறது? இவ்ளோ கவனக்குறைவா இருந்தா ரெண்டு விரலை எடுக்க வேண்டி வந்துடும்" என்றீர்கள்.

கட்டு மாற்றுவது நான்தான். விரலைப் பற்றிப் பிறகு பேசலாம். கவனக்குறைவு என்றீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்பத்தோரு வயதில் ஒருவர்கூட என்னை அப்படிச் சொன்னதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரோஷன் பீவி. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்பக்கம் வீடு. அண்ணன் நூர்முகமது வலையும் கயிறும் தூண்டில் சாமானும் விற்கிறார். மனைவி இறந்தபின் அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளியே இருக்கிற அக்தர் பேகம் பிறந்த மூன்றாம் நாள் எங்கள் அம்மா மவுத்தாகிவிட்டார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கோவளத்தில் மாப்பிள்ளை பேசி முடித்து, சேலைகூட வந்து இறங்கியிருந்தது. அத்தா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "புள்ளைய யாரு பாத்துக்குவா?" சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். மடித்துக் கொடுத்தவளே நான்தான். யாரும் உன்னை வற்புறுத்தவில்லையே என்று அண்ணன் இன்றும் சொல்வார். வாஸ்தவம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தானே வற்புறுத்துகிற பேச்சு வரும்.

எனக்குக் கோபம் உண்டு, டாக்டர். இருபத்திரண்டு வருடமாக உண்டு. ஆனால் நான் பாத்திரத்தை வீசுகிற ரகமில்லை. அக்தருக்குப் பால் புகட்டினேன், பல் முளைத்தபோது கடி வாங்கினேன், அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாகப் பதினேழு நாள் உட்கார்ந்திருந்தேன். உடம்பில் ஒரு தழும்பு இல்லாமல் அவளை வளர்த்தது நான். நீங்களே பார்த்தீர்கள், அந்தக் கையைத் தவிர.

இனிப் பூனைக்கு வருகிறேன். கறுப்புப் பூனை, தலையில் மட்டும் வட்டமாக வெள்ளை. அதனால் குல்லா என்று பெயர் வைத்தாள் அக்தர். போன ரமலான் பெருநாள் கழித்து ஒரு வாரத்தில், கடையில் கிடந்த நரம்புச் சிக்கலில் குல்லா மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கப் பின்னந்தொடையைச் சுற்றிச் சதையை அறுத்துவிட்டது. நான்தான் கத்தரித்து எடுத்தேன். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவினேன், மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன், பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். மூன்று வாரத்தில் புண் சிறுத்து, ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தோல் கூடி வந்தது. என் கைராசி அப்படி.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஷஃபியுல்லா, ஸ்டேஷன் ரோட்டில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். உங்கள் கிளினிக்கிலிருந்து நாலு கடை தள்ளித்தான். அவருடைய அம்மா என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அண்ணனிடம் பேசினார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பொண்ணு நல்லா சமைக்குமா?" சமைக்கக் கற்றுக்கொடுத்தவள் எதிரில் நிற்கிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. எல்லாரும் சொன்னார்கள், செங்கல்பட்டு என்ன சீமையா, ஒரு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம் என்று. சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது.

அடுத்த வியாழக்கிழமை கோவளம் தர்காவுக்குப் போனோம். அங்கே அக்தர் ஒரு நேர்ச்சை வைத்தாள். குல்லாவின் புண் ஆறினதும் வந்து, மலீதா இனிப்புச் செய்து ஓதி ஏழைகளுக்குக் கொடுப்பேன், அதன் பிறகே நிக்காஹ் தேதி. இதை என் காதால் கேட்டேன். பாதிக்கு மேல் ஆறிய புண், பத்து நாளில் மூடிவிடும் என்று நினைத்துத்தான் நேர்ந்திருப்பாள் என்று அண்ணன் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. போகப் பிரியமில்லாத பெண் வாய்விட்டு எப்படிச் சொல்வாள்? இப்படித்தான் சொல்வாள். எங்கள் அண்ணன் வட்டிக்குக்கூடப் பயப்படமாட்டார், நேர்ச்சைக்குப் பயப்படுவார். "நேந்துக்கினா நேந்துக்கினதுதான். புண்ணு ஆறட்டும், தேதி வெச்சிக்கலாம்" என்று செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை கடையிலிருந்து விரற்கடை நீளம் நரம்பு வெட்டி எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். அதைக் கவனியுங்கள், கழுவினேன். புண்ணின் அடியில் வைத்து மேலே மஞ்சள் அப்பிக் கட்டினேன். குல்லா என் கையை நக்கியது. கட்டு முடிந்ததும் எப்போதும் நக்கும்.

மூடி வரும், பிறகு சீழ் கோத்துத் திறந்துகொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. வாரம் ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைப்பேன். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஆழம் பிசகினால் பூனை செத்துவிடும், மேலாக வைத்தால் வெளியே வந்துவிடும்.

ஊரே வைத்தியம் சொன்னது. மீன்கூடைக்காரி முனியம்மா தினம் வந்து குனிந்து பார்ப்பாள். "இன்னாம்மா இது, மாசக்கணக்கா ஆறாம கீது? நாய்க்கடிகூட இந்நேரம் தழும்பாயிருக்கும். எவனோ கண்ணு வெச்சிக்கினான்" என்பாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அக்தர் அந்தத் தண்ணீரைத் துணியில் நனைத்துத் துடைப்பாள், அழுவாள். "அக்கா, நீ இல்லாட்டி இத்த நான் எப்பிடிப் பாத்துக்குவேன்?" என்று என் தோளில் சாய்வாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு ஒட்டியிருந்தது அந்த மாதங்களில்தான். இரண்டு பேரும் பூனையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கடற்காற்று வரும். எனக்கு அது போதும்.

மாப்பிள்ளையின் அம்மா மறுபடி வந்தார். "ஒரு பூனைக்காக எத்தினி மாசம்மா? எங்க பக்கம் சிரிக்கிறாங்க" என்றார். சிரிக்கட்டும். எனக்காக யாராவது ஒரு மாதம் காத்திருந்தார்களா? அந்தக் கோவளத்து மனிதர் ஆறே மாதத்தில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்கு நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார்.

நான்காம் மாதம் ஒரு காலை, நான் புண்ணைத் திறந்து வைத்திருந்தபோது அக்தர் திடுமென உள்ளே வந்துவிட்டாள். "நான் புடிச்சிக்கிறேன்க்கா" என்று குல்லாவின் தலையைப் பிடித்தாள். அவள் வந்த பதற்றத்தில் என் கை சற்றே அழுந்தியது. குல்லா அவள் வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே கடித்துவிட்டது. என்னைக் கடிக்கவில்லை. அதுகூட என்னைக் கடிக்கவில்லை, டாக்டர்.

பிறகு குல்லா தின்பதை நிறுத்தியது. நெத்திலியைக் கண்டால் பாய்கிற ஜீவன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆறாம் நாள் செத்துக் கிடந்தது. நான் கொல்லவில்லை. அக்தர்தான் அதைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றினாள். வெகுநேரம் அந்தத் தொடையையே கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தபோது இடது கை மூடியிருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒன்னுமில்லக்கா" என்றாள். அதன்பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. துக்கம்.

பூனை போனதும் நேர்ச்சையும் போயிற்று என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டார். அண்ணன் தேதி குறிக்கக் கிளம்பினார். தடுத்தது நானில்லை, மாப்பிள்ளையின் அம்மா. கடிபட்ட கையைப் பார்த்துவிட்டு, "உள்ளங்கையில புண்ணு இருக்க மருதாணி எப்பிடி வெக்கிறது? மருதாணி இல்லாத கையோட எங்க வூட்டுக்கு எந்த மருமவளும் வந்ததில்ல. ஆறட்டும்" என்று அவரே சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. சாட்சிக்கு அண்ணனைக் கேளுங்கள்.

நீங்கள் தட்டைத் தள்ளி வைக்கிறீர்கள். தள்ளினால் மட்டும் என்ன? ஆம், நான்தான் வைத்தேன். குல்லாவுக்கு வைத்ததைவிடச் சிறியது, மெல்லியது. விழித்திருக்கும்போது அவள் கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் மத்தியானம் காய்ச்சலில் அவள் அயர்ந்த பிறகு வைத்தேன். அவளுக்கு வலிக்கக்கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருதரம்கூட அவள் கத்தியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

போன வாரம் அண்ணனிடம் சொன்னாளாம், மருதாணியே வேண்டாம், புண்ணோடு போகிறேன், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் என்று. காய்ச்சல் வேகத்தில் பேசியது. அவள் மனசு அவளைவிட எனக்குத் தெரியும். திருக்கழுக்குன்றத்திலேயே வைத்தியர் இருக்க, செங்கல்பட்டுக்கு உங்களிடம்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவள்தான். பெரிய டாக்டர் என்றாள். சரி என்று அழைத்து வந்தேன். நான் அவள் கேட்டு எதை மறுத்திருக்கிறேன்? கை பார்க்க வருகிறவளுக்கு எதற்குத் துணிப்பை, அதில் எதற்கு மூன்று சேலை என்று பஸ்ஸில் கேட்டேன். வாந்தி வந்தால் மாற்றிக்கொள்ள என்றாள். இப்படித்தான் இருப்பாள், குழந்தை மாதிரி.

இனி இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்கிறீர்கள். பார்ப்போம். மருந்துச் சீட்டை என்னிடமே கொடுங்கள், கட்டு மாற்ற வீட்டில் வேறு ஆள் கிடையாது. நான் சொன்னதை அவளிடம் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.

அக்தர், உள்ளே வாம்மா.

இந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்கள், டாக்டர். பெஞ்சில் காணோம். தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள். பையையும் எடுத்துக்கொண்டா போனாள், அந்தக் கையோடு? புதுக்கட்டு அவிழ்ந்துவிடுமே. கவனக்குறைவு அவளிடம்தான் இருக்கிறது, டாக்டர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் எங்கேயாவது காயம் பட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.