அண்ணன் புஞ்சையில் விழும் தட்டு

ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் வீசி விளையாடுகிற சிவப்புத் தட்டு.

“இந்தத் தட்டுக்கு உங்க அண்ணன் புஞ்சை மேல அப்படி என்ன ஆசை?” என்றாள் அவள்.

“கூடையைக் குறிபாத்து எறியுத டிஸ்க் கோல்ஃப்ல இது ஒரு தினுசுத் தட்டு ஏட்டி. எதிர்காத்துல எறிஞ்சாலும் பொரளாது, நேராப் போவும். வேகம் அடங்குனதும் இடப்பக்கமா சாஞ்சு இறங்கிரும்.”

“தெரியும்லா? அப்ப வலப்பக்கம் தள்ளி எறிய வேண்டியதுதான?”

அவர் தட்டை விரல்களில் மெல்லச் சுற்றினார். வெளியே கரிசலுக்கு மேல் காற்றாலைகள் தூக்கத்தில் இருப்பதுபோலச் சுழன்றன.

“தெரிஞ்சேதான் எறியுதீயளா?” அவள் குரல் தணிந்தது. “பாகம் பிரிச்சதுல இருந்து பேசாத மனுசன். தட்டைப் பாத்து என்ன செஞ்சாவ?”

“முதல்ல கண்டுக்கிடல. பொறவு ஒருநாள் எடுத்து வரப்புல வச்சிட்டுப் போனான்.”

“நேத்தும் அங்கதான விழுந்துச்சு, அப்ப?”

“திருப்பி எறிஞ்சு பாத்தான். அவன் காலடியிலேயே விழுந்துட்டு.”

“பொறவு?”

“தட்டைத் தூக்கிக்கிட்டு வரப்பு தாண்டி வந்தான். ‘இதை எப்படிலே பிடிக்கணும்?’னு கேட்டான்.”