மச்சாளின்ரை சட்டை

சுன்னாகத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண், பக்கத்தில் நின்றவளிடம் திடீரென்று சொன்னாள்:

"என்ரை பிள்ளைக்கு என்னைப் பிடிக்கேல்லை, அக்கா."

"குறைமாதப் பிள்ளை, தங்கச்சி. ஆசுபத்திரியாலை இப்பதானே வந்தது. பழகும்."

"எனக்குக் காய்ச்சலெண்டு மச்சாள்தான் நெஞ்சோடை வைச்சுச் சூடு குடுத்தவ. இப்ப நான் தூக்கினால் கத்துது, அவ தூக்கினால் நித்திரை. தான் பெத்த மாதிரியெல்லோ நடக்கிறா!"

"அவவின்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு தூக்கிப் பார். அந்த மணத்துக்கு அடங்கும்."

"நேற்றுப் போட்டனான்."

"அடங்கேல்லையோ?"

"உடனை நித்திரையாப் போச்சுது."

"பிறகென்ன?"

வரிசை நகர்ந்தது. அவள் காலியான மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கவில்லை.

"என்ரை நெஞ்சிலைதான் கிடந்தது. ஆனால் மச்சாளெண்டு நினைச்செல்லோ படுத்தது, அக்கா!"