பயறு டாக்டர்

ஊறினால் பயறு இரண்டு மடங்காகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கிவந்த பாசிப்பயறு முழுவதையும் ஒரே பானையில் ஊறப்போட்டேன். காலையில் அது பானையைத் தாண்டி அடுப்படித் தரையெல்லாம் பரவிக் கிடந்தது. அதில் வழுக்கி விழுந்தவனும் நான்தான். கட்டிலில் படுத்திருந்த என் மனைவி கனகலட்சுமி, "ஏங்க, கோச்சடை ஊருக்கே பந்தி வைக்கப் போறீகளா?" என்று சிரித்தாள். மார்புக் கட்டிக்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மிஞ்சிய பயறை முளைகட்டி, வைகைக் கரையில் நடக்க வருகிறவர்களுக்குக் கொடுத்தேன். அவர்களில் ஒருவரான பக்கத்துத் தெரு சுருளி எனக்குப் 'பயறு டாக்டர்' என்று பட்டம் சூட்டினார். பஸ் டிப்போவில் டயருக்குக் காற்றுப் பார்த்தே ஓய்வு பெற்றவனுக்கு டாக்டர் பட்டம் என்றால் சும்மாவா.

நிஜ டாக்டர் வேறு சொல்லியிருந்தார். அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லை, வேகவைக்காத எதையும் கொடுக்காதீர்கள், முளைப்பயறு கூடவே கூடாது, அந்த ஈரத்தில் கிருமியும் சேர்ந்து வளரும் என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மருந்து வேலை செய்தது. கனகு முகத்தில் களை வந்தது. சுருளி பார்த்துவிட்டு, "எல்லாம் நம்ம பயறுதான, நல்லகாமண்ணே?" என்றார்.

"பின்னே?" என்றேன்.

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதல்லவா. மறுநாளிலிருந்து முளைப்பயறைப் பச்சையாக அரைத்து அவளுடைய தயிர்ச்சோற்றில் பிசைந்தேன்.

"என்னங்க, பச்சை வாடை அடிக்குது?"

"நல்லா வெந்ததுதான் கனகு. மருந்துல ஒன் நாக்குதான் செத்துப்போச்சு."

நம்பினாள். நான் சொன்னால் நம்புவது அவள் வழக்கம்.

சித்திரை வெயிலில் ஒருநாள் துணிமூட்டையைப் பிரித்தால் பயறு கொழகொழவென்று புளித்த வாடை அடித்தது. கொட்ட மனம் வரவில்லை. அலசி, அரைத்து, அவள் சோற்றில் பிசைந்தேன். தயிரும் புளிப்புத்தானே, தெரியாது என்று நினைத்தேன். தெரியவில்லை.

மறுநாளே காய்ச்சலில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பச்சையாக ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வைத்தியம் பார்த்திருப்பார்களோ என்னவோ. ஆனால் பார்க்க வந்த சுருளி பழப்பையோடு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

கனகு பிழைக்கவில்லை.

நான் சரியாகத்தானே பார்த்துக்கொண்டேன் என்று வந்தவர்களை எல்லாம் கேட்டேன். உன்னைப்போல யார் பார்ப்பார்கள் என்று அழுதார்கள். அவர்களுக்குப் பயறு சங்கதி தெரியாது. காரியம் முடிந்ததும் மகள் சத்யப்ரியா அடுப்படியை ஒழித்தாள். பயறு கட்டும் துணி அவள் கைக்கு வந்தபோது, இப்போது உங்களிடம் சொன்னதை எல்லாம் அவளிடமும் சொன்னேன்.

"நான் உங்கம்மாவுக்கு நல்லதுதானத்தா நெனச்சேன்?"

அவள் துணியை மடித்து என் மடியில் வைத்தாள்.

"இல்லப்பா. சுருளி மாமா முன்னால பெரிய ஆளா நிக்கணும்னு நெனச்சீக. அதுக்கு அம்மாவக் கொன்னுட்டீக."